சனிக்கிழமைத் தண்ணீர்

புளூம்ஃபொன்டெய்ன்
9 மே 2004

அன்புள்ள சேபாட்டா மாமாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாக டாக்சி ஓட்டும் மொய்கெட்சி சொன்னார். மலைக்குப் போனதிலிருந்து தாடி வளர்க்கிறீர்களாம். உங்கள் ஊரில் போன் எடுக்காது என்பதால் கடிதம் எழுதுகிறேன். எடுத்தாலும் கடிதம்தான் எழுதியிருப்பேன். போனில் நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது.

விஷயம் இதுதான். என்னைப் பெண் கேட்டு வருகிறார்கள். பையன் பெயர் புலே. தாபா ன்ச்சுவில் பள்ளி ஆசிரியர். எனக்குச் சீராக எத்தனை மாடு தருவது என்று மாடு பேச டிசம்பரில் அவர்கள் வீட்டார் வருகிறார்கள். அப்பா வழியில் சித்தப்பாக்கள் இரண்டு பேர் உட்காருவார்கள். அம்மா இல்லை, அம்மா வழியில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். தாய்மாமன் இடம் காலியாக இருந்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்டபத்தில் நடந்ததைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது வேலை விஷயம். இது குடும்ப விஷயம். இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

உங்கள் மருமகள்
புசெலெட்சோ

*

மொகோட்லோங் மலை
2 ஜூன் 2004

மருமகளே,

உன் கடிதம் வந்தது. கடைக்காரன் அதை மாவு மூட்டைக்கு அடியில் வைத்து மறந்துவிட்டான். மறந்தவன் மறந்தவனாகவே இருந்திருக்கலாம்.

குடும்ப விஷயம் தனி, வேலை விஷயம் தனி என்கிறாய். உன் ஆய்வுக்கூடத்தில் மண்ணை அப்படித்தான் தனித்தனிப் பாட்டிலில் அடைத்து மூடி வைப்பாய், பார்த்திருக்கிறேன். மனிதனை அப்படி அடைக்க வராது.

நீ மறந்திருந்தால் நான் எடுத்துக் கொடுக்கிறேன். நம் ஊர் செரெட்செங்கில் ஈமச் சங்கத்துப் பெண்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் காசு சேர்த்துத் தங்கள் சாவு காரியங்களுக்கென்று ஒரு மண்டபம் கட்டினார்கள். அந்தக் கறுப்பு மண்ணில் அடித்தளம் எப்படிப் போடுவது என்று கணக்குப் பார்த்துச் சொன்னவள் நீ. கட்டியவன் நான். இரண்டு வருடத்தில் வாசல் பக்கத்து மூலை மேலே எழும்பி, சுவர் என் கை நுழையும் அளவுக்குப் பிளந்தது. கதவு மூட வரவில்லை. சங்கத்தார் கூட்டம் போட்டார்கள். அத்தனை பெண்களுக்கும் முன்னால் எழுந்து நின்று நீ சொன்னாய்: "என் கணக்குல தப்பில்ல. கட்டுனவரு கம்பியக் குறைச்சிருப்பாரு."

கட்டுனவரு! மாமா என்றுகூட வாயில் வரவில்லை.

நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பிறகு செரெட்செங்கில் ஒரு நாய்க்குடில் கட்டக்கூட என்னை யாரும் கூப்பிடவில்லை. வாசலில் மாட்டியிருந்த என் மேஸ்திரி போர்டை நானே கழற்றினேன். இங்கே என் பெரியப்பா மகன் வீட்டில் ஆடு பார்த்துக்கொள்கிறேன். ஆடு யாரையும் கணக்குக் கேட்பதில்லை.

புலே என்றால் மழை. மண்ணில் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று கணக்குப் போடுகிறவள் மழையையே கட்டிக்கொள்ளப் போகிறாய். அவனையாவது சரியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்.

மாடு பேச வேறு மாமனைத் தேடு.

சேபாட்டா

*

புளூம்ஃபொன்டெய்ன்
27 ஜூன் 2004

மாமா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தது என் தவறு. கழிப்பறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் காற்றில் கணக்குப் போடவில்லை. அந்தக் களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். எவ்வளவு உப்பும் என்பது அதற்கு எவ்வளவு தாகம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தத் தாகத்தைத்தான் நாங்கள் அளக்கிறோம். ஜாம் பாட்டிலில் மண்ணைப் போட்டு, மேலே வடிதாள் வைத்து, காற்றுப் புகாமல் மூடி ஒரு வாரம் வைப்போம். மண்ணுக்குத் தாகம் அதிகமானால் தாளில் ஈரம் நிற்காது. தாளை எடை போட்டால் தாகத்துக்கு ஓர் எண் கிடைக்கும். இது பாதிக் கணக்கு. மீதிப் பாதிதான் கடினம். மேலே கட்டடம் வந்து, வெயில் படாமல், மழை படாமல் பல வருடம் போன பிறகு அந்தத் தாகம் எவ்வளவாக மாறியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மழை, வெயில், காற்று, கூரைத் தண்ணீர், வேலியோரத்து மரம் எல்லாவற்றுக்கும் நான் எண் வைத்தேன். தரை முழுவதும் ஒரு விரல் கனம் எழும்பும், அதற்குமேல் போகாது என்று வந்தது. அதைத் தாங்கும்படிதான் வரைந்து கொடுத்தேன்.

ஒரு மூலை மட்டும் ஒரு சாண் எழும்பினால் நான் என்ன நினைப்பது?

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இப்போது மீதியையும் எழுதுகிறேன். நான் கம்பியை எண்ணிப் பார்க்கவில்லை, மாமா. சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காமல்தான் சொன்னேன். நகராட்சியிலிருந்து வந்திருந்த இரண்டு பொறியாளர்கள் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். "இந்தப் பொண்ணா கணக்குப் போட்டது?" என்று ஒருவர் மற்றவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், அதனால்தான் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அந்த மூலையைத் தோண்டப் போகிறேன். கம்பியையும் மண்ணையும் பார்க்கப் போகிறேன். யார் தப்பு என்று தெரியட்டும்.

புசெலெட்சோ

*

மொகோட்லோங்
19 ஜூலை 2004

புசெலெட்சோ,

இங்கே பனி விழுந்து பாதை மூடிவிட்டது. இந்தக் கடிதம் எப்போது இறங்குமோ தெரியாது. நீ தோண்டுவதற்குள் வந்து சேர்ந்தால் நல்லது.

கம்பியை எண்ணு. நான் போட்டது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது. ராத்திரியில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். ஒரு நாள் சரியாக வருகிறது, மறுநாள் ஒன்று குறைகிறது.

ஆனால் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. வாசல் பக்கத்துக் குழாய்க்கு லைன் இழுத்தது நான். பிளம்பர் வருவதாகச் சொல்லி வரவில்லை. பெண்கள் திறப்பு விழாவுக்குப் பானையெல்லாம் கழுவி அடுக்கிவிட்டார்கள். சரி போ என்று நானே முடுக்கி மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். அது மூலைக்குப் பக்கத்தில்தான் போகிறது. கூட்டத்தில் நீ பேசியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குழாய்தான். கம்பி இல்லாவிட்டால் குழாய், எதுவாக இருந்தாலும் என் கை வேலை. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

பார்த்துவிட்டு எழுது. ஒழுகினால் ஒழுகுகிறது என்றே எழுது. எனக்காகப் பூசி மெழுக வேண்டாம்.

சேபாட்டா

*

செரெட்செங்
15 ஆகஸ்ட் 2004

மாமா,

கம்பி சரியாக இருக்கிறது. நான் வரைந்து கொடுத்தபடி ஒன்றுகூடக் குறையாமல் இருக்கிறது. இரண்டு இடத்தில் உடைத்துப் பார்த்தேன்.

உங்கள் குழாய் ஒழுகவில்லை. லைன் முழுவதும் திறந்து, அழுத்தம் கொடுத்து, ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தோம். மீட்டர் ஊசி அசையவில்லை. பிளம்பர் முடுக்கியிருந்தால்கூட இவ்வளவு இறுக்கமாக இருந்திருக்காது.

இதைப் படித்ததும் நீங்கள் சிறிது நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இருங்கள். நானும் எழுதுவதை நிறுத்திவிட்டுத்தான் தொடர்கிறேன்.

இனி மண். மண்டபத்தின் பின்பக்கம் தோண்டிய இடத்தில் எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. தாகம் நான் எழுதிக் கொடுத்த எண்ணை ஒட்டியே வந்திருக்கிறது. வாசல் மூலையில் மட்டும் மூன்று மீட்டர் ஆழம்வரை மண் தண்ணீர் குடித்து ஊறிப் போயிருக்கிறது. வடிதாள் நனைந்து ஒட்டிக்கொண்டது. மண்ணுக்குத் தாகமே இல்லை. இந்த வருடம் மழை பொய்த்துவிட்டது, சோளம் முழங்கால் உயரத்தில் கருகி நிற்கிறது. குழாயும் ஒழுகவில்லை. கூரைத் தண்ணீர் மறுபக்கம் போகிறது. அப்படியானால் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? எனக்குப் புரியவில்லை.

மாதாங்கிசோ அம்மாவைப் பார்த்தேன். இன்னும் அவர்தான் சங்கத் தலைவி. குழிக்குள் நின்றுகொண்டிருந்த என்னை மேலிருந்து பார்த்து, "என்னடி, எங்க மண்டபத்துக்கே குழி தோண்டிட்டியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கம்பி சரியாக இருப்பதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் காரணம் தெரியட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புசெலெட்சோ

*

செரெட்செங்
29 ஆகஸ்ட் 2004

மாமா,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. தெரிந்துவிட்டது.

நேற்று சனிக்கிழமை. குழியை மூடிவிட்டு புளூம்ஃபொன்டெய்னுக்குக் கிளம்பலாம் என்று மண்டபத்துக்குப் போனேன். இடுகாட்டிலிருந்து முதல் கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. வாசலில், உங்கள் குழாயடியில், பேசின்கள் வரிசையாக வைத்திருந்தார்கள். கற்றாழைத் துண்டு மிதக்கிற தண்ணீர். எல்லோரும் குனிந்து கை கழுவிவிட்டு உள்ளே சாப்பிடப் போனார்கள். பேசின் கலங்கியதும் பெண்கள் அதைத் தூக்கிச் சுவரோரம் வீசிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தார்கள். அரை மணி நேரத்தில் இரண்டாவது கூட்டம் வந்தது. மதியத்துக்குள் மூன்றாவது. ஒரே நாளில் மூன்று சாவு. இப்போது எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தானாம்.

நானும் குனிந்து கை கழுவினேன். கழுவும்போதுதான் மண்டையில் உறைத்தது.

மழைக்கு எண் வைத்தேன். மரத்துக்கு வைத்தேன். இதற்கு வைக்கவில்லை. இந்த ஊரில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சாவு வீட்டு வாசலில் கை கழுவியவள் நான். வெள்ளைக்காரப் பொறியாளர் யாராவது மறந்திருந்தால் அவருக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். எனக்கு என்ன சாக்கு? ஆய்வுக்கூடத்து மேசையில் உட்கார்ந்ததும் நான் செரெட்செங்காரியாக இருப்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நம் லெஃபாவை அந்த மண்டபத்திலிருந்துதான் எடுத்தோம். உங்கள் மகனுக்குக் கைப்பிடி மண் போட்டுவிட்டு வந்து அந்த மூலையில்தான் கழுவினேன். சங்கக் கூட்டம் நடந்ததும் ஒரு சனிக்கிழமை, வேறு ஓர் அடக்கத்துக்குப் பிறகு. அந்தத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உங்கள் மேல் பழி போட்டேன்.

சங்கத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். "எதிர்பாராத நீர்வரத்தால் மூலையில் மண் உப்பியது, கட்டுமானத்தில் குறை இல்லை" என்று எழுதினால் உங்களுக்குச் சம்மதமா? ஆபீசிலும் அதை ஏற்றுக்கொள்வார்கள். யார் பெயரும் கெடாது.

புசெலெட்சோ

*

மொகோட்லோங்
20 செப்டம்பர் 2004

புசெலெட்சோ,

எதிர்பாராத நீர்வரத்தா? நன்றாக இருக்கிறது. என்னைச் சொன்னபோது வாயால் சொன்னாய், எல்லோர் முன்னாலும் சொன்னாய், நம் மொழியிலேயே சொன்னாய். உன்னைச் சொல்ல வேண்டி வந்ததும் காகிதத்தில் சொல்கிறாய், அதுவும் ஆபீஸ் மொழியில். அந்த அறிக்கையை மாதாங்கிசோ மடித்துப் பானைக்கு அடியில் வைப்பாள். அதற்குப் பிறகும் சேபாட்டா கம்பி திருடினவன்தான்.

எனக்குக் கோபம். எழுதி முடித்தால் தணியும் என்று பார்த்தேன், தணியவில்லை.

ஆனால் நான் யோக்கியன் என்றும் வேஷம் போட முடியாது. குழாயடியில் சிமெண்ட் மேடை போட்டவன் நான். பெண்களின் நல்ல செருப்பெல்லாம் சேறாகிறதே என்று, பாதைப் பக்கம் தண்ணீர் வராமல் சுவர்ப் பக்கம் சரிவு வைத்துப் பூசினேன். "மாமா கைய வச்சா தண்ணிகூடச் சொன்ன பேச்சு கேக்குது" என்று நீதான் கேலி செய்தாய். அதையும் சேர்த்துச் சொல். அங்கே சரிவு வைத்தது சேபாட்டா என்று சொல்.

எப்படிச் சொல்வாய் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட உனக்குக் கஷ்டம். கை கழுவின தண்ணீர் என்றால், "அவ்வளவு தண்ணியா?" என்று கேட்பார்கள். அவ்வளவு தண்ணீர் என்றால் அவ்வளவு பிணம். நாங்கள் கட்டும்போது மாதத்துக்கு ஒரு சாவு இருந்தது. இப்போது எத்தனை, ஏன் என்று அந்த ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருத்தருக்கு நெஞ்சுச்சளி, ஒருத்தருக்குத் தலைவலி. என் மகனுக்குச் சுரங்கத்துத் தூசி. நானும்தான் அப்படிச் சொன்னேன். அவன் கடைசி வருடம் எந்த மாத்திரைக்காக வரிசையில் நின்றான் என்று தெரிந்தே சொன்னேன்.

இதையெல்லாம் கிளறாமல் உன்னால் உண்மையைச் சொல்ல முடியாது. வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே. நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் மாடு பேச என்னைக் கூப்பிடாதே.

சேபாட்டா

*

புளூம்ஃபொன்டெய்ன்
24 அக்டோபர் 2004

அன்புள்ள மாமா,

நேற்றுச் சொன்னேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பிளந்த சுவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். எழுந்து நின்றேன். எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

"போன வருசம் இதே எடத்துல நின்னு எங்க மாமா கம்பியக் குறைச்சிட்டாருன்னு சொன்னேன். அது பொய். நான் எண்ணிப் பாக்காம சொன்னேன். இப்ப ஒடைச்சு எண்ணிட்டேன். ஒரு கம்பிகூடக் குறையல. தப்பு என் கணக்குல" என்றேன்.

பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப எங்க சுவரத் தூக்குனது யாரு? பேயா?"

"தண்ணி. வாசல்ல கை கழுவுற தண்ணி."

சிரித்துவிட்டார்கள். டாக்சிக்கார மொய்கெட்சி எழுந்தார். "எஞ்சினியரம்மா, நான் வண்டி கழுவுறதே ரெண்டு வாளியில. கை கழுவுன தண்ணி ஒரு கட்டடத்தத் தூக்குமா? மாமாவக் காப்பாத்தறதுன்னா நல்ல கதையா சொல்லு."

"எத்தன பேசின்னு நெனைக்கிறீங்க? இந்த மண்டபத்துலேர்ந்து எத்தன பேர எடுத்தோம்னு எண்ணிப் பாருங்க" என்றேன்.

கேட்டபோதே அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பு நின்றது. எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாராவது உட்காரச் சொன்னால் போதும், உட்கார்ந்துவிடுவேன் என்றிருந்தது. யாரும் சொல்லவில்லை. அதனால் நானே தொடங்கினேன். "லெஃபா" என்றேன். மன்னித்துவிடுங்கள், உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் மகன் பெயரைத்தான் முதலில் சொன்னேன். பிறகு யாரோ ஒருத்தி தன் தம்பி பெயரைச் சொன்னாள். பின்னாலிருந்து ஒருத்தி தன் இரண்டு பெண்களின் பெயரைச் சொன்னாள். மண்டபம் முழுக்கப் பெயராக வந்துகொண்டிருந்தது, மாமா. நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

கடைசியில் மாதாங்கிசோ அம்மா எழுந்தார். தாங்கிசோவின் அம்மா என்றுதான் அவரை ஊரே கூப்பிடுகிறது. அந்தத் தாங்கிசோவின் பெயரை மட்டும் அதுவரை யாரும் சொல்லவில்லை. "எம் பொண்ணு தாங்கிசோ" என்றார். "அவளுக்கு நெஞ்சுச்சளி இல்ல. உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நீங்க கேக்கல, நான் சொல்லல." அப்புறம் அந்த நோயின் பெயரை, அந்த மூன்று ஆங்கில எழுத்தையும், சொன்னார். அந்த மண்டபத்தில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன் மாமன நாங்கதான் திருடன்னு சொன்னோம். நீ ஒரு தடவ சொன்ன, நாங்க வருசம் பூரா சொன்னோம். அவன் எங்க இருக்கான்?"

மலையில் இருக்கிறீர்கள் என்றேன்.

மேடைச் சரிவை மட்டும் நான் சொல்லவில்லை. நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது பற்றி. கை கழுவுவதைத் தெருப்பக்கம் மாற்றி, கழிவுத் தண்ணீரைக் குழாய் வைத்து வாய்க்காலுக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஊறிய மண் மெதுவாகக் காயும். மூலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மூன்று நான்கு வருடம் ஆகும் என்பது என் கணக்கு. இந்த முறை எண்ணைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதுவரை பிளவைப் பூசக் கூடாது. பூசினால் சுவர் இறங்கும்போது வேறு இடத்தில் வெடிக்கும். ஆகவே அது அப்படியே திறந்து கிடக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊரே அதைத் தாண்டித்தான் உள்ளே போகும். என் தப்பைப் பார்த்துக்கொண்டேதான் எல்லோரும் சாப்பிடுவார்கள். பூசி மறைக்க வழியிருந்தால் நானே போய் ராத்திரியோடு ராத்திரியாகப் பூசியிருப்பேன்.

ஆபீசில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள்.

டிசம்பருக்கு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று நீங்கள் ஏன் ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லவில்லை? குழாய்க்குப் பயந்தீர்கள், சரி. ஆனால் கம்பியை நீங்கள்தான் கட்டினீர்கள். உங்களுக்குத் தெரியுமே. "புசெலெட்சோ, நீ பாத்தியா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன்.

புசெலெட்சோ

*

மொகோட்லோங்
16 நவம்பர் 2004

என் அருமை மருமகளே,

மொய்கெட்சி இவ்வளவு தூரம் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். வண்டியிலிருந்து இறங்கி நின்று, "அண்ணே, நான் ஒங்களத் தப்பாப் பேசிட்டேன்" என்றான். "எத்தன தடவ?" என்று கேட்டேன். "டாக்சில ஏறுனவங்க எல்லாருகிட்டயும்" என்றான். ஒரு குவளைப் புளித்த கஞ்சி கொடுத்து அனுப்பினேன். அழுதுகொண்டே குடித்தான். உன் கடிதத்தை அவன்தான் கொண்டு வந்தான்.

லெஃபாவின் பெயரைச் சொன்னதற்கு ஏன் மன்னிப்புக் கேட்கிறாய்? நான் சொல்லியிருக்க வேண்டியது. அவனை இரண்டாவது முறை புதைத்தவன் நான், தூசி தூசி என்று சொல்லிச் சொல்லி. நேற்று இங்கே பெரியப்பா மகன் வீட்டில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது உண்மையைச் சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை. அண்ணி எனக்கு இன்னொரு அகப்பை களி போட்டாள்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பதில் எழுத வெட்கமாக இருக்கிறது. முதலில் வேறு ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

அன்று நான் குழாய்க்காக மட்டும் வாயை மூடவில்லை. நீ சொன்னதை நான் நம்பிவிட்டேன்.

கம்பியை இந்தக் கையால்தான் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சும் எனக்குத் தெரியும். ஆனாலும் நீ எழுந்து நின்று குறைந்திருக்கும் என்றதும், குறைந்துதான் இருக்கும் என்று நினைத்தேன். என் மருமகள் பூமிக்கு எவ்வளவு தாகம் என்று காகிதத்தை வைத்தே கண்டுபிடிப்பாள் என்று செங்கல் சூளையிலிருந்து சர்ச் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். நீ கணக்குப் போட்டுவிட்டால் அது போட்டதுதான் என்று இருந்தேன். அப்பேர்ப்பட்டவள் சொல்லும்போது என் கை என்ன பெரிய கை? இந்த மலையில் படுத்துக்கொண்டு எந்தக் கம்பியை விட்டேன், எந்த இடத்தில் விட்டேன் என்று தேடிக்கொண்டே இருந்தேன், அம்மா. விடாத கம்பியை எங்கே போய்த் தேடுவது? கொத்தனார் கரண்டியைக் கையில் எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் ஆட்டுப்பட்டிச் சுவர் சரிந்தபோதுகூட எனக்கு முதுகு வலி என்று சொல்லிவிட்டேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. அதை ஒளிக்கவில்லை. ஆனால் என்னை நானே நம்பாமல் போனதற்கு உன்னை மட்டும் பிடித்து நிறுத்த முடியாது.

மேடைச் சரிவை நீ சொல்லாமல் விட்டாய். நான் வந்து மாதாங்கிசோவிடம் நானே சொல்வேன். அந்த மேடையை உடைத்துத் தெருப்பக்கம் போடுவதும் என் வேலை. வேறு எவனையும் கைவைக்க விடாதே.

ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று எழுது. வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும். ஆட்டுப்பட்டி இருக்கிறது.

டிசம்பரில் வருகிறேன். தாய்மாமன் இடத்தில் நான்தான் உட்காருவேன். ஆனால் ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போகும்வரை நீ என் கண்ணில் படக் கூடாது. சமையலறையை விட்டு வெளியே வராதே. உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன். மாமன்காரன் அழுவதைப் பார்த்தால் அவர்கள் இரண்டு மாட்டைக் குறைத்துவிடுவார்கள்.

உன் மாமா
சேபாட்டா